பஞ்சாங்கத்துக்குள் இருந்த பத்து ரூபாய்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மளிகைக் கடை ரசீது, மருந்துக் கடை பில், பேருந்துச் சீட்டு, மகனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிய சீட்டு என்று என் கையிலிருந்து சென்ற பணம் ஒவ்வொன்றுக்குமான சாட்சி அதற்குள் மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கப்பட்டிருக்கிறது. டின் நிரம்பும்போது பழைய கட்டுகள் ஒரு துணிப்பைக்கு மாறும். மை முழுவதும் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்ட ரசீதுகளைக்கூட நான் எறிந்ததில்லை. என் கணவர் திருமணமான நாளிலிருந்து இன்றுவரை ஒரு ரூபாய்க்கும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. ஆனாலும் கடைக்குப் போய்விட்டு வந்தால், கால் கழுவுவதற்கு முன்பே, அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, மீதி இந்தா இருக்கிறது என்று அவர் முன்னால் நின்று ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அவர் இதைச் சிக்கனம் என்று எண்ணினார். நாற்பது வயதைத் தாண்டும் வரை நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், தணிக்கைக்காகக் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மேலாளர் மிகச் சாதாரணமாக, "எம்மா, அந்த 340 ரூவா வவுச்சர் எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்தக் குரலில் சந்தேகமோ கோபமோ துளியும் இல்லை. எனக்கோ காது அடைத்துக்கொண்டது, உள்ளங்கை வியர்த்தது, "நான் எடுக்கல சார்" என்று வாய் சொல்லிவிட்டது. எடுத்தாயா என்று யாரும் கேட்கவே இல்லை. வவுச்சர் அடுத்த கோப்பில் இருந்தது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன காரணம் என்று எனக்கே விளங்காமல் வெகுநேரம் அழுதேன்.

மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கலாம் என்று சொன்னவர் என் கணவர்தான். எங்கள் பக்கத்தில் அது எளிதான சொல் அல்ல. பெரியம்மாவிடம் வாய்தவறிச் சொன்னபோது, "ஏட்டி, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று பதறிப்போனார்கள், அந்தப் பதற்றத்தில் அன்பும் இருந்தது, ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது. 'கோட்டி' என்ற அந்த ஒரே சொல்லை நாங்கள் பைத்தியத்துக்கும் வைத்திருக்கிறோம், செல்லக் கோபத்துக்கும் வைத்திருக்கிறோம், ஆனால் மனம் வலிக்கிறவர் உதவி தேடிப் போவதற்குச் சொல்ல எங்களிடம் வேறு சொல் இல்லாமல் போயிற்று. பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிய முதல் நாள், தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு, வவுச்சர் கதையை நான் நான்காவது முறையாகச் சொன்னபோது, ஆலோசகரான அந்த அம்மா என்னைத் தடுத்து ஒன்று கேட்டார்கள்: "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன வயசு இருந்த மாதிரி தோணுச்சு?" நான் யோசிக்கவே இல்லை. எட்டு என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

1986 ஆம் ஆண்டு ஆனி மாதம். திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு முடுக்கில், ஐந்து குடும்பங்கள் இருந்த ஒரு வளவில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா ஒரு நெல் மண்டியில் கணக்கப்பிள்ளை. தேரோட்டத்தன்று எங்களுக்கு வளையலும் பலூனும் வாங்கித் தருவதற்காகச் சம்பளத்திலிருந்து பத்து ரூபாய்த் தாள் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்தத் தாள் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் என் பாவாடையை எடுப்பதற்காக அந்தப் பெட்டியை நான் திறந்திருந்தேன். அதை அண்ணன் பார்த்திருந்தான். அவ்வளவுதான் வழக்கு. "எடுத்தியா, எடுக்கலியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று அப்பா கேட்டார்கள். "எடுக்கலப்பா, இன்னொரு தடவ எண்ணிப் பாருங்கப்பா" என்றேன். "எண்ணியாச்சு" என்றார்கள். நான் மறுபடியும் எண்ணிப் பாருங்க என்றேன். அப்பா அடிக்கவில்லை, என் வாழ்நாளில் ஒருமுறைகூட அவர்கள் என்னை அடித்ததில்லை. உண்மையைச் சொல்கிற வரைக்கும் தேருக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், மரக் கட்டைகளாலான அழி போட்டிருக்கும். அந்த அழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல பேர் கைபட்டு வழவழப்பேறி, எண்ணெய்ச் சிக்கு வாசனை அடிக்கும் அந்தக் கட்டைகளில் மூன்றாவதில் மட்டும் ஒரு சிறு வெடிப்பு இருந்தது. அதற்குள் நகத்தை நுழைத்து நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தது இப்போதும் என் விரல் நுனியில் இருக்கிறது. வேட்டுச் சத்தம் கேட்டது. நாதஸ்வரம் கேட்டது. பிறகு வடம் பிடிக்கிறவர்களின் கூச்சல், நின்று நின்று, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அருகில் வந்தது. நெல்லையப்பர் தேர் மனிதர்கள் கையாலேயே இழுக்கப்படுகிற தேர், எந்த நேரத்தில் நகரும் எந்த நேரத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொரு கூச்சலின்போதும் அப்பா மனசு மாறித் திரும்பி வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். உள்ளே படுத்திருந்த ஆச்சி மட்டும், "சும்மா இருட்டீ, அழுதா ராத்திரி காய்ச்சல் வரும்" என்றாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் தாள் பஞ்சாங்கத்துக்குள் கிடந்தது. "கிடைச்சிட்டு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள். அப்பா "ம்" என்றார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அன்று சொதி. என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் நான் வெட்கப்பட்டேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். அடியும் பசியும் குடிகாரத் தகப்பனும் கண்ட குழந்தைகள் எங்கள் வளவிலேயே இருந்தார்கள். அவர்கள் நடுவே, சோறும் துணியும் படிப்பும் குறைவில்லாமல் பெற்ற ஒருத்தி பத்து ரூபாயையும் தேரையும் காயம் என்று சொல்லிக்கொள்வதா என்று இருந்தது. அதற்கு அந்த அம்மா பதிலாகச் சொன்னது ஒரு ஆராய்ச்சியைப் பற்றி. அமெரிக்காவின் சான் டியேகோவில், 1995 முதல் 1997 வரை, 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களது குழந்தைப் பருவத் துன்பங்களைக் கேட்டறிந்து, பிற்கால உடல்நலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998 இல் வெளியிட்ட முதல் கட்டுரையிலிருந்து அது உலகெங்கும் பேசப்பட்டது. கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ஏதேனும் ஒரு துன்பமாவது இருந்திருக்கிறது. அவர்கள் தயாரித்த பட்டியலில் அடியும் பாலியல் கொடுமையும் மட்டும் இடம்பெறவில்லை, சொல்லால் புண்படுத்துவதும் மனத்தளவில் கைவிடுவதும் இடம்பெற்றன. என் ஒரு நாள் அந்தப் பட்டியலில் அடங்குமா என்று கேட்டேன். "பட்டியலுக்காக நாம இங்க உட்காரல, அந்தப் பிள்ள இன்னும் அழியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதே, அதுக்காக உட்கார்ந்திருக்கோம்" என்றார்கள்.

இன்னர் சைல்டு என்று சொல்லப்படுகிற இந்த உள்ளிருக்கும் குழந்தை, ஒருவர் கண்டுபிடித்து ஒருவர் எழுதி முடித்த ஒரே சிகிச்சை முறை அல்ல. கார்ல் யுங் 1940 வாக்கில், மனிதர் எல்லோர் மனத்திலும் பொதுவாக உறைந்திருக்கும் குழந்தை என்னும் தொல்படிமத்தைப் பற்றி எழுதினார். எரிக் பெர்ன் 1950களில் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் பெற்றோர், பெரியவர், குழந்தை என்று மூன்று நிலைகள் மாறி மாறிப் பேசுகின்றன என்றார். மேலாளர் கேட்டபோது என்னில் பதில் சொன்னது மூன்றாவது நிலை. பின்னர் ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சை, சிறுவயதில் கிடைக்காமல் போன பாதுகாப்பையும் நம்பிக்கையையும் ஓர் எல்லைக்குள் நின்று ஆலோசகரே தருவதையும், பிறகு அதை நமக்கு நாமே தரப் பழகுவதையும் மையமாக வைத்தது. இந்தச் சிகிச்சையிலும் வேறு சில முறைகளிலும் பயன்படுகிற ஒரு பயிற்சி, பழைய காட்சிக்குள் கற்பனையால் திரும்பச் சென்று, அதன் போக்கை மாற்றி அமைப்பது. 'உள்ளிருக்கும் குழந்தை' என்ற பொதுப் பெயரில் நடப்பவை எல்லாவற்றுக்கும் ஆய்வுச் சான்று கிடையாது; ஆனால் இந்தக் காட்சி மாற்றும் பயிற்சி, கொடிய அனுபவங்களின் பாதிப்பு உள்ளவர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு, பலன் தருவதாகக் காணப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் போனது அழுகைக்கு அல்ல, மருத்துவத்துக்கு.

முதல் முறை கண்ணை மூடித் தார்சாவுக்குப் போனேன். அந்த அம்மா சொன்னபடி, இப்போதைய வயதில், இப்போதைய சேலையோடு, படியேறி உள்ளே போய் அந்தச் சிறுமியின் பக்கத்தில் நின்றேன். அவளிடம் என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றார்கள். என் வாயில் வந்தது, "சரி, விடு, அழாத." ஆச்சி சொன்னதையே நானும் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவளைத் தேடிப் போன முதல் ஆளும் அவளை வாய்மூடச் சொன்னாள். அன்றைக்கு அதற்கு மேல் முடியவில்லை, கண்ணைத் திறந்துவிட்டேன்.

அடுத்த முறை ஆத்திரத்தோடு போனேன். அப்பாவைத் தேர் அடியிலேயே மறித்து நிறுத்தி, ஊர் பார்க்கக் கேள்வி கேட்டேன். கேட்க வேண்டியவை எல்லாம் கேட்டேன். அந்தக் கோபம் தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை, அது வெளியே வந்தாக வேண்டிய கோபம். ஆனால் திரும்பிப் பார்த்தால் அவள் அழிக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அப்பாவோடு சண்டை போட்ட நேரத்தில் அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். ஆலோசகர் மெதுவாக, "அவ என்ன கேக்கா? அவகிட்டயே கேளுங்க" என்றார்கள். கேட்டேன்.

இன்னொரு தடவ எண்ணிப் பாருங்க என்றாள்.

அவளுக்குப் பலூன் வேண்டாம், அப்பாவின் மன்னிப்புகூட அப்போது வேண்டாம். அந்தப் பெட்டியை இன்னொரு முறை திறந்து பார்க்க ஒரு பெரிய ஆள் வேண்டும். நான் அவள் கையைப் பிடித்து, உள்கூடமான பட்டாசலுக்குக் கூட்டிப் போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி வைத்தேன். காகிதங்களைப் புரட்டினேன். அடியில் போட்டிருந்த செய்தித்தாளையும் தூக்கிப் பார்த்தேன். அவசரமே படவில்லை. பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவளே பிரித்தாள். இதை எழுதும்போது கற்பனை என்று படிக்கிறவருக்குத் தோன்றும், கற்பனைதான், ஆனால் என் தோளும் தாடையும் அந்த நிமிடத்தில் தளர்ந்தது கற்பனை இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக அவை இறுகியே இருந்தன என்பது தளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நேராக வீட்டுக்குப் போகாமல் குறுக்குத்துறைக்குப் போய், படித்துறையில் ஆற்றில் காலை விட்டபடி இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் செய்வதற்கும் ஒரு பயிற்சி தந்தார்கள். வலது கையால் அவளுக்கு ஒரு கேள்வி எழுத வேண்டும், அவள் பதிலை இடது கையால் எழுத வேண்டும். பழக்கமில்லாத கையால் எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தைப் போலவே வருகிறது. பெரியவளின் சாமர்த்தியமான வாக்கியங்கள் அந்தக் கையில் ஓடுவதில்லை, மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பொறுமையும் இருப்பதில்லை. அதனாலேயே நேராக வருகிறது. "எனக்குப் பசிக்கிது" என்று ஒரு நாள் எழுதினேன், எழுதிய பிறகுதான் மதியம் நான் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது.

இந்த முறை நமக்கு அந்நியம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருநைக் கரையின் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் உட்பட, நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். உலகத்தைக் காக்கும் தெய்வத்தையே குழந்தையாக்கி, தாங்கள் தாயாகி, காப்புச் சொல்லி, தாலாட்டி, சப்பாணி கொட்டச் சொல்லி, முத்தம் கேட்டு, தளர்நடை நடந்து வருக வருக என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வளர்ந்து முடிந்த ஒன்றைத் திரும்பக் குழந்தையாக்கிக் கொஞ்சுவதற்கு இந்த மொழியில் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. என் நோட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் 'வா' என்று எழுதத் தொடங்கினேன். கேள்வியை விட அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் அதிகம் வந்தாள்.

அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் நாள் முழுவதும் அடுத்தவர் பணத்தை எண்ணியவர்கள். மாலையில் ஒரு ரூபாய் இடித்தாலும் சாப்பிட வராமல் மண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று அம்மா சொல்வாள். தன் வீட்டுக்குள் ஒரு திருட்டு முளைத்துவிட்டதோ என்ற நடுக்கம் அவர்களுக்கு அன்று எவ்வளவு இருந்திருக்கும் என்பது, இன்று அதே கணக்கு வேலையைப் பார்க்கிற எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் இந்த விளக்கத்தை நான் சிறுவயதிலிருந்தே என் வலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பழகிவிட்டேன், அப்பா பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ என்று. சிகிச்சையில் நான் கற்றுக்கொண்ட மிகக் கடினமான பாடம், அந்த வரிசையை மாற்றுவது: முதலில் அவள், பிறகு அப்பா. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாளராகவும் இருந்த வின்னிகாட், குறையே இல்லாத தாயை யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் போதும் என்றார். என் அப்பா போதுமான அளவுக்கு நல்ல அப்பா. அந்தப் பஞ்சாங்கம் திறந்த இரவில் மட்டும் போதவில்லை.

இதை முயல நினைக்கிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். என் காயம் சிறியது. அடி, பாலியல் கொடுமை, கண்முன் நடந்த மரணம் போன்றவற்றைச் சுமப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பழைய காட்சிக்குள் இறங்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தாக வேண்டும், பல நேரம் மனத்தை நிலைப்படுத்தும் வேலையே மாதக்கணக்கில் முதலில் நடக்கும். உங்களுக்கே நினைவில்லாத ஒன்றை, நிச்சயம் நடந்திருக்கும், தோண்டி எடுப்போம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நினைவு ஒலிநாடா அல்ல, கேட்கிற விதத்தில் நடக்காததும் நடந்ததாக அதில் ஏறிவிடும். நூறு பேரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து அழவைக்கும் முகாம்களை நான் நம்புவதில்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கையில் பணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே, கட்டணமில்லாமல், பேசலாம்.

டின் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடிகிறது. வெள்ளைத் தாளாகிப்போனவற்றை எடுத்துப் போட்டுவிட்டேன். போன மாதம் பால்காரருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கணவர் எதற்காகவோ கேட்டபோது, தொகையை மட்டும் சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தேன், எழுந்து போய்ச் சீட்டை எடுத்துவரவில்லை. அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். நான் கவனித்தேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். குற்றம் சாட்டுவதற்காக அல்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் போகிறேன் என்று பல நாள் என்னையே கேட்டுச் சரிபார்த்துக்கொண்ட பிறகு, போன பங்குனியில் அவளிடம் அந்தப் பத்து ரூபாயைப் பற்றிக் கேட்டேன். "அப்படியா நடந்துச்சு? எனக்கு ஞாபகமே இல்லயே" என்று சொல்லிவிட்டுப் புளியில் கொட்டை எடுப்பதைத் தொடர்ந்தாள். வலித்தது. ஆனால் அவளுக்கு நினைவில்லாததால் அது நடக்காததாகிவிடாது என்பதை நான் அந்தச் சிறுமியிடம் அன்றிரவே நோட்டில் எழுதிச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, ஆனித் திருவிழாக் கொடி ஏறிய அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் அம்மா போன் செய்தாள். அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள், மழை வருவது போல் வந்துவிட்டுப் போய்விட்டது என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை; வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அந்த வருசம் நீ தேரு பாக்கலைல்லா" என்றாள்.

"ஆமாம்மா, பாக்கல" என்றேன்.

"ம்" என்றாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.